முதலில் வால்தம்ஸ்டோ

ஒரு மனிதனின் வலது கையைக் கதவுக்கும் நிலைக்கும் இடையில் வைத்து நசுக்கினேன். தவறுதலாக நடந்ததல்ல. கை உள்ளே வந்ததைப் பார்த்தேன். நான்கு விரல்கள், நகங்களுக்குள் எண்ணெய்க் கறுப்பு. பார்த்த பிறகுதான் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். பிறகு, அந்த மனிதர் எங்களை அடிப்பதற்காகக் கதவை உடைத்தபோது கை சிக்கியது என்று பொலிசுக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டில் எது பெரிய குற்றம் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் குடியியல் படிப்பித்தவன். லண்டன் வந்த பிறகு ஒரு கல்லூரியில் மாலை வகுப்புகளில் அரசியல் படிப்பித்தேன். எங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடம் செயலாளராக இருந்தேன். சங்கத்தின் யாப்பை, அதன் விதிகளை, எழுதியவனும் நான்தான். இங்குள்ள எங்கள் ஊரார் கடிதம் எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவது வழக்கம். வந்த ஆட்களைவிடச் சீட்டுகள் கூடுதலாக இருக்கும். ஒருமுறை எண்ணுவதற்கு முன்பே ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவரைக் கார் நிறுத்துமிடத்தில் விழுத்தி, அதே பெட்டியால் முகத்தில் அடித்தார்கள். மூக்கு உடைந்தது, பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடித்தவரும் அடிவாங்கியவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்கத் தேர்தல் செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சனாதிபதி வேட்பாளர் யார் என்பதை ஒவ்வொரு கட்சியும் மாநிலம் மாநிலமாக முடிவு செய்கிறது. எல்லோரும் ஒரே நாளில் வாக்களிப்பதில்லை. அயோவா முதலில், நியூ ஹாம்ப்ஷயர் அடுத்தது, மற்றவை பின்னால். அயோவா சோளம் விளைகிற சிறிய மாநிலம். வேட்பாளரைத் தெரிவு செய்யும் பிரதிநிதிகளில் அங்கே கிடைப்பது ஒரு கைப்பிடிதான். ஆனால் அங்கே தோற்றவரை அடுத்த மாநிலத்தார் திரும்பிப் பார்ப்பதில்லை. பலர் அந்த வாரமே விலகிவிடுகிறார்கள். கடைசியில் வாக்களிக்கும் பெரிய மாநிலங்களுக்கு, யாரோ கடித்து மிச்சம் வைத்ததுதான் கிடைக்கிறது.

அயோவாவில் இரண்டு கட்சிகளில் ஒன்றின் ஆட்கள் சீட்டே எழுதுவதில்லை என்பதையும் பார்த்தேன். ஊர் மண்டபத்தில் கூடி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை என்று பிரிந்து நிற்பார்கள். தலைகளை எண்ணுவார்கள். ஆள் குறைந்த மூலை கலைக்கப்படும். கலைந்தவர்களை மற்ற மூலைக்காரர் பேசித் தங்கள் பக்கம் அழைப்பார்கள்.

இதைத்தான் நான் சங்கத்துக்குக் கொண்டுவந்தேன். பெட்டி இல்லை, சீட்டு இல்லை, கள்ள வாக்கு இல்லை. கிழக்கு லண்டனில் மூன்று கிளைகள், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். முதலில் வால்தம்ஸ்டோ, பிறகு பிளேஸ்டோ, கடைசியில் இல்ஃபோர்ட். இல்ஃபோர்டில்தான் எங்கள் ஆட்கள் அதிகம். சிறிய கிளை ஏன் முதலில் என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். சிறிய இடத்தில்தான் வேட்பாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிவரும் என்றேன். அது பொய்யல்ல. அமெரிக்காவிலும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் சொல்லாமல் விட்டது, வால்தம்ஸ்டோவில் இருந்த முப்பத்தொரு குடும்பங்களில் பாதிக்கு மேல் என் மனைவி வழிச் சொந்தம் என்பது. வேட்பாளர்களில் ஒருவர் என் மச்சான், மனைவியின் தம்பி. அவர் வந்தால் நான் செயலாளராகத் தொடர்வேன். மற்றவர் பாரிசிலிருந்து வந்து பிளேஸ்டோவில் வீடு திருத்தும் தொழில் செய்பவர். அவர் வந்தால் என்னை மாற்றுவதாக வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். மூன்றாவதாக ஓய்வுபெற்ற ஒரு மருந்துக்கடைக்காரர், மரியாதைக்காக நின்றார்.

என் சனத்தை எனக்குத் தெரியும். தோற்கிற மூலையில் நிற்பதை நாலு பேர் பார்க்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். வால்தம்ஸ்டோவில் என் மச்சான் வென்றுவிட்டால் இல்ஃபோர்ட் தானாக வரும்.

தேர்தலுக்கு முந்திய மாதமே அடிபிடி தொடங்கிவிட்டது. வீடு திருத்துபவருடைய வான் வண்டியின் நான்கு ரயர்களையும் யாரோ வெட்டினார்கள். என் மச்சானின் கடைக் கண்ணாடி இரண்டு முறை உடைந்தது. பிளேஸ்டோவில் ஒரு பலசரக்குக் கடைக்குள் இரண்டு சம்பந்திகள் வாய்த்தர்க்கப்பட்டார்கள். பிள்ளைகளுக்குக் கலியாணம் முடிந்து நான்கு மாதம்தான். ஒருவர் உறைந்த பாரை மீன் ஒன்றை வாலில் பிடித்து மற்றவரின் காதோடு சேர்த்து அடித்தார். காது கிழிந்து ஆறு தையல். கதையைக் கேட்டு நான் சிரித்தேன். இதெல்லாம் அயோவாவில் நடக்காது என்று மனைவியிடம் சொன்னேன்.

அந்த ஞாயிறு வால்தம்ஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபத்தை எடுத்திருந்தோம். மூன்று மூலைகளில் மூன்று நிறக் கடதாசி ஒட்டினேன். மூன்று மணிக்குக் கதவு சாத்தப்படும், மூன்று மணிக்கு வாசலுக்கு வந்து நிற்பவர் எல்லோரும் எண்ணப்படுவர் என்பது விதி. நானே எழுதிய விதி.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எந்த மூலைக்கும் போகாமல் நடுவில் நின்றார். போய் நில்லுங்கோ என்றேன்.

"உப்பிடி ஒருக்கா நிண்டனான், மாஸ்டர்," என்றார். "ஊரிலை ஆமிக்காரன் எங்களை வரிசையா விட்டவன். சாக்கு மூடின ஒருத்தன் முன்னாலை இருந்து தலையாட்டினவன். அவன் தலையாட்டின ஆக்கள் திரும்பி வரேல்லை. நீங்கள் சாக்கில்லாமல் நிக்கிறியள், அவ்வளவுதான்."

அப்படியொரு தலையாட்டி முன்னால் நானும் ஒருமுறை நடந்தவன்தான். ஆனாலும், மூலையில் நிற்காவிட்டால் உங்களை எண்ண முடியாது என்று மரியாதையாகச் சொன்னேன். அவர் சமையலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கண்ணால் எண்ணினேன். மச்சான் பக்கம் இருபத்தாறு. வீடு திருத்துபவர் பக்கம் இருபத்துநான்கு. மருந்துக்கடைக்காரர் பக்கம் ஏழு. அந்த மூலை கலையும். அப்போது வீடு திருத்துபவரின் மூலையில் ஒரு பெண் தொலைபேசியைக் காதில் வைத்தபடி, "வான் வந்திட்டுது, நிப்பாட்டுகினம்" என்றாள். ஒரு வான் என்றால் ஏழெட்டுப் பேர்.

அந்த வானை ஓட்டிவந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வால்தம்ஸ்டோவில் குடியிருந்த, குளிர்பதனப் பெட்டி திருத்துபவர். ஜெர்மனியில் இருந்து மனைவியோடு வந்தபோது வீடு திருத்துபவர் தன் வீட்டில் ஓர் அறை கொடுத்தாராம்; அந்த நன்றிக்காக ஆட்களை ஏற்றி வந்தார். பள்ளிக்கூடச் சமையலறைகளில் உள்ள குளிர் அறைகளைப் பார்க்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. ஞாயிறும் ஷிப்ட். வேலை உடுப்போடுதான் வந்தார்.

மண்டபத்துக் கடிகாரத்தில் மூன்றுக்கு ஒரு நிமிடம் இருந்தது. நான் கதவடிக்குப் போனேன். வாசல் படிகளில் அவர்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடி இல்லாத, கனமான தீத்தடுப்புக் கதவு. இழுத்துச் சாத்தினேன். சாத்தி முடிவதற்குள் அந்தக் கை உள்ளே வந்தது. நிறுத்துவதற்கு நேரம் இருந்தது. "பொறுங்கோ, பொறுங்கோ" என்று வெளியே கேட்டதும் எனக்கு விளங்கியது. வலது தோளைக் கதவில் வைத்து, காலை ஊன்றித் தள்ளினேன். பச்சை முருங்கைக்காயை முறித்தால் கேட்பதுபோல ஒரு சத்தம். பிறகு ஓர் அலறல். கதவு முழுதாகச் சாத்தவில்லை. விரல்கள் நடுவில் இருந்தன. நான் இன்னொரு முறை தள்ளினேன். இரண்டாவது முறை தள்ளியதை இன்றுவரை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை.

நான் விலகி மேசைக்கு வந்துவிட்டேன். அடுத்த கணம் வெளியில் இருந்தவர்கள் காலால் உதைத்துக் கதவைத் திறந்தார்கள். வானை ஓட்டிவந்தவர் உள்ளே வந்தார். வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது, இரண்டு விரல்கள் பின்பக்கமாகத் திரும்பியிருந்தன. வந்த வேகத்தில், முன்னால் நின்ற என் மனைவியின் தமக்கை மகனுக்கு இடது கையால் குத்தினார். அவனுக்கு உதடு பிளந்து இரண்டு பல் போயிற்று. அதோடு மண்டபமே கிளம்பியது. உட்கார்ந்திருந்த கதிரைகள் பறந்தன. தேநீர்க் கொதிகலன் சரிந்து ஒரு பெண்ணின் காலில் ஊற்றியது. மருந்துக்கடைக்காரரின் ஆட்களை இரண்டு பக்கமும் சட்டையிலும் தலைமயிரிலும் பிடித்துத் தங்கள் மூலைக்கு இழுத்தார்கள். ஒருவரை இரண்டு பேர் இரண்டு கையிலும் பிடித்து இழுக்க, தோள்மூட்டு விலகி அவர் தரையில் விழுந்து வாந்தியெடுத்தார்.

அந்த நேரத்தில் நான் எண்ணினேன். கதிரைக்குப் பின்னால் நின்று, யார் எந்த மூலையில் என்று பார்த்து, பேனாவால் குறித்தேன். வானில் வந்தவர்களை எண்ணவில்லை. மச்சான் முப்பது, மற்றவர் இருபத்தேழு. அம்புலன்ஸ் வருவதற்கு முன்னரே அந்த இரண்டு எண்களும் தொலைபேசியில் இல்ஃபோர்டுக்குப் போய்விட்டன. அங்கே ஒருவரும் கையைப் பற்றிக் கேட்கவில்லை. வால்தம்ஸ்டோவில் ஆர் வென்றது என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு பிளேஸ்டோவில், தன் சொந்த இடத்திலேயே, வீடு திருத்துபவரின் மூலை அரைவாசியானது. புதன்கிழமை அவர் விலகினார். இல்ஃபோர்டில் ஒரே மூலையில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. மற்ற மூலைகளில் கடதாசி மட்டும் இருந்தது.

பொலிசார் கேட்டபோது நல்ல ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நேரம் முடிந்து கதவு சாத்திய பிறகு, வானை ஓட்டிவந்தவர் வன்முறை நோக்கத்தோடு உதைத்துத் திறந்ததாகவும், அப்போது கை சிக்கியதாகவும். செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், நம்பினார்கள். ஆஸ்பத்திரியில் அவருக்குச் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் எடுத்தார்கள். நடுவிரல் மடங்காது. மருந்து மயக்கம் தீராமலே பொலிஸ் நிலையம் போனவரிடம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் வழக்கு இல்லை, எச்சரிக்கை மட்டும்தான் என்றார்கள். ஒப்புக்கொண்டார். அந்த எச்சரிக்கை பதிவில் ஏறும் என்பதும், பள்ளிக்கூடத்துக்குள் வேலை செய்பவர்களின் பதிவைச் சோதிப்பார்கள் என்பதும் அவருக்கு விளங்கவில்லை. வேலை போயிற்று.

எட்டு மாதம் கழித்து அவர் என் வீட்டு மணியை அடித்தார். நான் சங்கிலியைப் போட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். ஆனால் அவர் கையில் ஒரு கோப்புத்தான் இருந்தது. நிறுவனத்துக்கு ஒரு மேன்முறையீட்டுக் கடிதம் எழுத வேண்டும், மாஸ்டர்தான் வடிவாக எழுதுவார் என்று எல்லோரும் சொன்னார்களாம்.

"கதவைத் தள்ளினது ஆரெண்டு தெரியேல்லை, மாஸ்டர்," என்றார். "தெரிஞ்சா கொல்லுவன். கொல்லுவன் எண்டதை மட்டும் எழுதிப்போடாதேங்கோ." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் எழுதினேன். அடையாளம் தெரியாத ஒருவரால் கதவு சாத்தப்பட்டது என்றே எழுதினேன். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது எங்கள் குளிர்பதனப் பெட்டி இரைவது அவர் காதில் விழுந்தது. எழுந்துபோய் அதன் பின்னால் முழந்தாளிட்டு, இடது கையால் எதையோ இறுக்கி நிறுத்தினார். நான் நீட்டிய காசை வாங்கவில்லை. கடிதத்தில் இடது கையால், சிறுபிள்ளை எழுத்தில் கையொப்பம் வைத்தார். நிறுவனம் மேன்முறையீட்டை ஏற்கவில்லை. எச்சரிக்கை எச்சரிக்கைதான் என்றார்கள்.

அதற்குப் பிறகும் மூன்று வருடங்கள் நான் ஒன்றும் செய்யவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. அந்த ஆண்டுகளில் திருமணங்களுக்குப் போனேன், கூட்டங்களில் பேசினேன், சனநாயகத்தைப் பற்றி ஓர் ஆண்டுமலருக்குக் கட்டுரையும் எழுதினேன்.

அடுத்த தேர்தலும் முடிந்து அதற்கடுத்தது வந்தபோது மச்சான் வீட்டுக்கு வந்தார். இந்த முறையும் வால்தம்ஸ்டோவை முதலில் போடுங்கோ என்றார். சரி என்றேன். புறப்படும்போது சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே மெதுவாக, "கதவடியிலை நீங்களே நில்லுங்கோ, அத்தான். உங்களை மாதிரி ஒருத்தருக்கும் ஏலாது," என்றார்.

அவர் பார்த்திருக்கிறார். அத்தனை வருடம் அதை எனக்குக் கிடைத்த ஒரு தகுதியாக வைத்திருந்திருக்கிறார். அடுத்த நாள் காலை பஸ் ஏறி வால்தம்ஸ்டோவில் கை நசுங்கியவருடைய வீட்டுக்குப் போனேன்.

அவரும் மனைவியும் சமையலறையில் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நான் நின்றபடியே சொன்னேன். கதவைத் தள்ளியது நான். கையைக் கண்டுதான் தள்ளினேன். இரண்டு முறை. பொலிசுக்குப் பொய் எழுதியதும் நான்.

அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு இடது கையால் என் சட்டைக் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு மோதினார். மூக்குக்கண்ணாடி விழுந்து அவர் காலுக்குக் கீழே நொறுங்கியது. இரண்டாவது மோதலில் பின்தலை வெடித்து இரத்தம் முதுகில் ஓடியது. மனைவி தடுக்கவில்லை. அவர் என்னைச் சமையலறைக் கதவடிக்கு இழுத்துக்கொண்டு போய், கதவைத் திறந்து பிடித்தார்.

"வையுங்கோ," என்றார்.

நான் வலது கையை நிலையில் வைத்தேன். கண்ணை மூடவில்லை. கதவு வந்து விரல்களில் பட்டது. அழுத்தினார். தோல் கிழிந்தது. இன்னும் அழுத்தினால் எலும்பு. நான் கையை எடுக்காமல் நின்றது துணிவினால் அல்ல, கால் நகரவில்லை. அவருடைய முகம் வியர்த்திருந்தது. திடீரென்று கதவை விட்டார்.

"எடுங்கோ. உந்தக் கை எனக்கு வேணும்," என்றார். "இருந்து எழுதுங்கோ. அண்டைக்குப் பொலிசுக்கு எழுதின மாதிரி நல்ல இங்கிலிசிலை எழுதுங்கோ."

அவருடைய மனைவி ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவந்து வைத்தார். தலையில் வைக்க ஒரு பழந்துணியும் தந்தார். கண்ணாடி இல்லாததால் கொப்பியோடு முகத்தை வைத்து இரண்டு மணி நேரம் எழுதினேன். நான்கு பக்கம். அவர் எனக்குப் பின்னால் நின்றபடியே இருந்தார். கடைசி வரியை எழுதியதும் தாளை எடுத்துக்கொண்டு, வாங்கோ என்றார். மூவரும் ஒன்றாகத்தான் பொலிஸ் நிலையம் போனோம். தலையில் என்ன காயம் என்று அதிகாரி கேட்டார். விழுந்துவிட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் பொலிசுக்குச் சொன்ன இரண்டாவது பொய்.

அந்த மாதக் கடைசியில் சங்கத்தின் பொதுக்கூட்டம் இல்ஃபோர்டில் நடந்தது. என்னைப் பேச விடவேண்டும் என்று கேட்டு, அந்த நான்கு பக்கத்தையும் தமிழில் வாசித்தேன். அந்தத் தேர்தல் முடிவு செல்லாது, அதன் பின் இல்ஃபோர்டில் நின்ற நிற்பும் செல்லாது, ஏனென்றால் நீங்கள் வால்தம்ஸ்டோவைப் பார்த்துத்தான் நின்றீர்கள் என்றேன். ஒருவர் எழுந்து, எங்களை ஆட்டுமந்தை என்கிறாரா என்று கேட்டார். மூன்றாவது பக்கத்தில் இருக்கும்போது மச்சான் மேடைக்கு வந்து ஒலிவாங்கியைப் பிடுங்கி, அதனாலேயே என் வாயில் அடித்தார். விழுந்த பிறகு யார் யார் உதைத்தார்கள் என்று தெரியாது. இரண்டு விலா எலும்பு முறிந்தது. நான்காவது பக்கத்தை அந்த ஓய்வுபெற்ற தபால்காரர் எடுத்து, ஒலிவாங்கி இல்லாமல், கத்தி வாசித்தாராம். அப்போது நான் அம்புலன்சில் இருந்தேன்.

என் மீது வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டேன். வயதைப் பார்த்துச் சிறைத்தண்டனையை ஒத்திவைத்தார்கள். நீதிபதி கேட்ட ஒரே கேள்வி, ஊர்ச் சங்கத் தலைவர் பதவிக்காகவா என்பது. ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். என் மனைவி தன் தம்பியின் வீட்டுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. சங்கம் இரண்டாக உடைந்தது; இரண்டும் இப்போது சீட்டு எழுதித்தான் தேர்தல் வைக்கின்றன, எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நாளில். அமெரிக்காவில் ஒரு கட்சி அயோவாவை முதல் இடத்திலிருந்து எடுத்துவிட்டதாகவும் வாசித்தேன்.

விரல்களை இழந்தவருடைய எச்சரிக்கைப் பதிவு நீக்கப்பட்டது. அதற்கு ஒன்றேகால் வருடம் எடுத்தது. நிறுவனம் அவரைத் திரும்ப எடுத்தது. ஐந்து வாரம் வேலை செய்தார். செப்புக் குழாய்களை நெருப்பில் சூடாக்கி ஒட்டும் வேலை. மிஞ்சிய விரல்களில் உணர்ச்சி இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தன் கை எரிவதை மணத்தால்தான் அறிந்தாராம். அதோடு நிறுத்திவிட்டார். இப்போது உறைந்த உணவு ஏற்றும் வண்டி ஓட்டுகிறார்.

இதையெல்லாம் அவருடைய மனைவிதான் தொலைபேசியில் சொன்னார். மாதம் ஒருமுறை நான் தொலைபேசி எடுத்துப் பேசுவேன். ஏதாவது எழுத வேண்டுமா, எங்காவது வரவேண்டுமா என்று கேட்பேன். கடைசியாக எடுத்தபோது அவர் என்னை முடிக்க விடவில்லை.

"அண்ணை," என்றார், "நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு முறையும் இவர் அண்டைக்குச் சாப்பிடுறேல்லை. இனி எடுக்காதேங்கோ."

அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை.